ஏழையின் வீடும் எரிவெயிலும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பற்றியே மக்கள் குறைவாக எண்ணுகின்றனர். மழை ஒழுகாது நின்றால் அதுவே நல்வீடு என்பது பலர் கருத்து. வெயிலைத் தடுப்பதும் கூரையின் கடனே என்பது எம் துணிபு.

இராஜபாளையத்துக்குத் தெற்கேயுள்ள தளவாய்புரம், நைட்டி முதலிய ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தையலால் பிழைப்பார் பலர்க்கு வீடே தொழிற்கூடமும் ஆகும். சித்திரை வெயிலில் தையற்பொறியின்முன் அமர்ந்திருப்பாரை வருத்துவது தலைமேலுள்ள காங்கிரீட் தளம். பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் அதனை உமிழ்வது அதன் இயல்பு. பனையோலைக் குடிசையில் வாழ்ந்தோர் மழைக்கும் தீக்கும் அஞ்சினர்; எனினும் ஓலை இவ்வாறு வெப்பத்தைச் சேமித்து வைப்பதன்று.

குடிசைகள் ஒழிதல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. 2024இல் தமிழக அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. வீடொன்றின் பரப்பு 360 சதுர அடி. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயின், இத்துணைச் சிறிய வீட்டில் தளம் காய்ந்தால் ஒதுங்குதற்கு வேறிடம் ஏது?

“மின்விசிறி உண்டே” என்பார் உளர். 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசே விசிறிகளை விலையின்றி வழங்கியதும் உண்மையே. ஆனால் விசிறி வியர்வையை உலர்த்துமேயன்றித் தளத்தின் சூட்டைத் தணியாது. அஃது இரவு முழுதும் சுழல, மின்செலவே வளரும்.

சூட்டைத் தணிக்கும் வழி அரியதன்று. தளத்தின்மேல் சுண்ணாம்பு பூசின், அதன் வெண்மை வெயிலைத் திருப்பிவிடும். மழையில் கரையுமாதலின், கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஆண்டுதோறும் பூசுதல் வேண்டும். செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்திட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தர் நன்கறிந்த முறை. தொழுநோயாளர்க்கான மிஷன் பணிக்கு 1945இல் இந்தியா வந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் கீழ்ப்பகுதியில் ஓடுகளை வைத்துக் காங்கிரீட் வார்க்கும் முறையைக் கேரளத்தில் பரப்பினார். அதனால் சிமெண்டும் குறைந்தது; ஓடுகளிடை அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, கூரைவழிப் புகும் வெப்பத்துக்கு எல்லை வகுத்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கே உரியதாயிற்று. ஏழையின் சிறுமனை அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றுவிட்டது.

புதுவீடு கட்டுவோன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. வீட்டில் வாழ்வோர் உயிர்க்குக் கட்டுவோனே பொறுப்பு என்பதன்றோ அதன் கருத்து? ஆதலின், அரசு அளிக்கும் வீட்டு மானியத்திலேயே தட்டோட்டுக்கோ வெண்பூச்சுக்கோ உரிய தொகையைச் சேர்த்தல் வேண்டும்.

அதுகாறும் யாம் வாளாவிருத்தல் தகாது. நாட்டு நலப்பணி முகாமுக்குச் செல்லும் மாணவ நண்பர்காள்! இவ்வாண்டு கோடைக்குமுன் ஒரு தெருவின் மெத்தைகளுக்கேனும் சுண்ணாம்பு பூசித் திரும்புவோம். பொறியியல் துறையில் உயர்நிலை எய்திய பழைய மாணவர்காள்! உங்கள் மதிப்பீட்டுத் தாளில் கூரைக்கு ஒரு வரி கூட்டுங்கள்.