ஹார்டு டிஸ்குக்குக் குளிர் வேண்டாம், காற்று போதும்

2007 பிப்ரவரியில் கூகுள் பொறியாளர்கள் எதுவார்டோ பின்ஹெய்ரோ, வுல்ஃப்-டீட்ரிக் வெபர், லூயிஸ் அந்த்ரே பரோசோ மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். தங்கள் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளைக் கண்காணித்து எழுதிய கட்டுரை அது. எல்லாமே கடைகளில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண டிஸ்குகள். நிமிடத்துக்கு 5,400 முதல் 7,200 சுற்று வரை சுழல்பவை.

சூடு ஏறினால் டிஸ்க் சீக்கிரம் போய்விடும் என்பது அதுவரை பெரும்பாலும் கேள்வி கேட்காமல் நம்பப்பட்ட விஷயம். கூகுளின் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. சராசரி வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருந்த டிஸ்குகள்தான் கூடுதலாகப் பழுதாகியிருந்தன. 35 முதல் 45 டிகிரி வரை இருந்தவை நன்றாகவே உழைத்தன. அதற்கும் மேலே போனவற்றிலும், மூன்று வயதைத் தாண்டியவற்றிலும்தான் சூட்டின் பாதிப்பு தெரிந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2014 மே மாதம், கலிஃபோர்னியாவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடமிருந்த 34,000 டிஸ்குகளின் கணக்கை வெளியிட்டது. ஒரே ஒரு மாடலைத் தவிர மற்றவற்றில் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பே காணோம் என்றது அது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் காட்டி, ‘ஹார்டு டிஸ்குக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பாதி வாசிப்பு. அந்த டிஸ்குகள் எங்கே இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவும் பகலும் குளிரூட்டப்பட்ட தரவு மையத்தில், காற்று தடையில்லாமல் ஓடும் அடுக்குகளில் இருந்தன. 50 டிகிரியைத் தொட்டவை அங்கே மிகச் சொற்பம். அந்த எல்லைக்குள் நாலு டிகிரி கூடுவதும் குறைவதும் ஒன்றும் செய்யாது என்பதுதான் அந்த ஆய்வுகளின் முடிவு. 55, 60 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும் டிஸ்கைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

நம் ஊரில் அப்படி ஓடும் டிஸ்குகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, ஹோட்டல், எதுவானாலும் கல்லாவுக்கு மேலே ஒரு மர அலமாரி இருக்கும். அதற்குள் சிசிடிவி கேமராக்களின் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி. பெட்டியின் தலையில் இன்டர்நெட் ரூட்டர், பக்கத்தில் கேமராக்களுக்கான பவர் சப்ளை, பின்னால் சுருட்டித் திணித்த வயர்கள். யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அலமாரிக்குப் பூட்டு வேறு. டிவிஆரின் காற்றுத் துளைகளைத் தூசு அடைத்திருக்கும். உள்ளே ஒரு 3.5 அங்குல டிஸ்க், ஒரு நொடி ஓய்வில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. இரவில் கடை சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இறக்கிய பிறகும் அது ஓடும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ பகலெல்லாம் 40 டிகிரி வாங்கிய சுவர்கள் ராத்திரியும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்க, அந்தப் பூட்டிய அலமாரிக்குள் காற்று எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் ஹார்டு டிஸ்க் அப்படியொன்றும் மின்சாரத்தைக் குடிக்கும் கருவி இல்லை. ஓடும்போது 5 முதல் 10 வாட் வரைதான் எடுக்கும். மேசைக் கம்ப்யூட்டரின் பிராசசர் 65 வாட்டையும் தாண்டும். ஆனால் சின்னச் சூடும் வெளியேற வழியில்லாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட எப்போதும் சூடாகத்தான் இருக்கும். ஆகவே சுற்றியுள்ள காற்றே 45 டிகிரி என்றால் நிலைமை என்னவென்று தனியே சொல்ல வேண்டியதில்லை. சாதாரண டிஸ்குகளுக்குப் பல உற்பத்தியாளர்கள் போட்டிருக்கும் உச்சவரம்பு 60 டிகிரி. எழுதும் முனை தட்டின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் இயந்திரம் அது. சூட்டில் உலோகம் விரியும், சுழல்தண்டின் எண்ணெய் இளகும். அத்தனை நுணுக்கமான இடைவெளிக்கு இரண்டுமே ஆகாதவை.

அப்படியென்றால் ‘ஹார்டு டிஸ்க் கூலர்’ என்று விற்கும் சின்ன ஃபேன்களை வாங்கிப் பூட்டலாமா? வேண்டாம். கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்கம் மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று டிஸ்குகளின் மேல் காற்று போகும்படி இருந்தால் அதுவே தாராளம். டிஸ்குக்கும் டிஸ்குக்கும் நடுவே ஒரு அடுக்கைக் காலியாக விட்டால் இன்னும் நல்லது. அதிவேகத்தில் கத்திக்கொண்டு சுற்றும் குட்டி ஃபேன்கள் வேறொரு தொல்லையைக் கொண்டுவரும். அதுதான் அதிர்வு.

அதிர்வு டிஸ்கை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2008-ன் கடைசி நாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு காணொளியை வெளியிட்டார். தரவு மையத்தில் நின்று டிஸ்குகளைப் பார்த்துச் சத்தமாகக் கத்துகிறார். உடனே அவற்றின் வேகம் தடுமாறுவது திரையில் கோடாக எகிறுகிறது. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் நடந்தது அதைவிடப் பெரிது. தீயணைப்புச் சோதனையில் வாயு பீறிட்ட பேரோசையில் ஹார்டு டிஸ்குகள் சேதமாகி, வங்கியின் சேவைகள் பல மணி நேரம் முடங்கின. ஆட்டம் கண்ட மலிவு ஃபேனை டிஸ்கின் அடிவயிற்றிலேயே திருகி வைப்பது, நோய்க்கு மருந்தென்று இன்னொரு நோயைக் கொடுப்பதுதான்.

கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒன்பது பெரிய தரவு மையங்களின் பதிவுகளை அலசி 2016-ல் எழுதிய கட்டுரையில், சூட்டைவிடக் காற்றின் ஈரப்பதமே டிஸ்குகளை அதிகம் பாதிப்பதாகக் கண்டார்கள். ஈரம் முதலில் கை வைப்பது டிஸ்கின் மின்னணுப் பலகையிலும் இணைப்புகளிலும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஜன்னலோரம் வைத்த கம்ப்யூட்டரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது, எந்தக் கூலரைவிடவும் பயன் தரும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. சூயிங்கம் பட்டை அளவே இருக்கும் எம்.2 வகை டிரைவ்கள் பெரிய கோப்புகளை எழுதும்போது 70 டிகிரியைத் தாண்டி, தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5-இல் கூடுதலாக எம்.2 டிரைவ் பொருத்துவதானால் ஹீட்சிங்க் இருந்தாக வேண்டும் என்று சோனியே சொல்கிறது. தனிக் குளிரூட்டல் என்ற செலவுக்கு நியாயம் இருப்பது அங்கேதான்.

செய்ய வேண்டியது எளிது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்கின் வெப்பநிலை உடனே தெரிந்துவிடும். 45-க்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 50-ஐத் தாண்டினால் தூசு தட்டிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். டிவிஆர் என்றால் அலமாரிக் கதவில் துளை போட்டு, ரூட்டரை டிவிஆரின் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். டிவிஆர் வைக்கும் தொழில்நுட்பர்கள் முதல் நாளே இதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனால் பாதி டிஸ்குகள் பிழைக்கும்.

அதே திரையில் வெப்பநிலையைவிட முக்கியமான எண்கள் இருக்கின்றன. பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகள், ஒதுக்கக் காத்திருக்கும் பகுதிகள் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் அன்றே கோப்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்குகள், பிழையே இல்லாதவற்றைவிட 60 நாளுக்குள் பழுதாக 39 மடங்கு வாய்ப்பு இருந்தது என்கிறது கூகுளின் அதே கட்டுரை. பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி எந்த அறிகுறியும் காட்டாமலே போயின என்றும் அது சொல்கிறது. கல்யாண வீடியோவும், குழந்தையின் முதல் படங்களும், கடையின் பத்து வருடக் கணக்கும் ஒரே டிஸ்கில் இருக்கிறதென்றால், ஃபேனுக்கு ஒதுக்கிய பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, இந்த வாரமே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.