ஒரு சிப்பி, மூன்று வகுப்பு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 7, தங்கை தரம் 4. வீட்டில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. அவளுடைய பாடம் வந்தால் நான் காத்திருப்பேன். என்னுடையது வந்தால் அவள் அழுவாள். "எனக்குப் படிப்பிக்கத் தெரிஞ்சா நானே சொல்லித் தந்திருப்பேனே" என்று உம்மா வருந்துவார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் சிறுமி. புத்தளத்து முகாமில் வளர்ந்து, தரம் 8உடன் படிப்பை நிறுத்தியவர்.

இன்று தங்கை தரம் 9, தம்பி தரம் 4, நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. விடுமுறை நாட்களில் இருவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வீட்டில் பல வயதுப் பிள்ளைகள் படிக்கும்போது விஞ்ஞானம் வேறு, வரலாறு வேறு, வகுப்பு வேறு என்று பிரித்து எல்லோரும் களைத்துப்போகத் தேவையில்லை. ஒரு பொருளை நடுவில் வைத்து, கேள்வியை மட்டும் வயதுக்கேற்ப மாற்றினால் போதும்.

எங்களுக்கு அந்தப் பொருள் அரிப்புக் கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பி ஓடு. தம்பி அதன் துண்டொன்றை வினாகிரியில் போட்டான். குமிழ்கள் எழும்பின. "ராத்தா, இது மூச்சு விடுதா?" என்று கேட்டான். ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்று அமிலத்துடன் தாக்கமடைந்து காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. அவனுக்கு வாயு என்ற சொல் போதும். எனக்குச் சமன்பாடு வேண்டும். முத்தும் பெரும்பாலும் அதே கல்சியம் காபனேற்றுத்தான் என்றபோது, ஸூரா அர்ரஹ்மானில் ஓதிய முத்து அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

தங்கை கேட்டது வேறு கேள்வி: "அப்ப இங்க இருந்த முத்தெல்லாம் எங்க போச்சு?" அங்கே வரலாறு தொடங்கியது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் காலில் கல்லைக் கொண்டு கடலுக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளிய கடல் இது. தம்பி மணிக்கூட்டைப் பார்த்து மூச்சடக்கிப் பார்த்தான். இருபது செக்கன்கூடத் தாண்டவில்லை. நுரையீரல் பாடத்தை நான் அங்கேயே சொன்னேன்.

1891இற்குப் பிறகு பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. காரணம் அறிய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் அறிஞர் இங்கு வந்தார். 1905இல் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே பார்கள் மீண்டும் வெறுமையாயின. அளவுக்கு மீறி அள்ளினால் கடலும் வற்றும் என்பது விஞ்ஞானமா, வரலாறா? நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றியே முத்து உருவாகிறது என்று ஹெர்ட்மன் எண்ணினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அறிஞரும் பிழைவிடலாம் என்பதைத் தங்கை மிகவும் விரும்பிக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அல்லிராணி கோட்டை பார்க்கப் போனோம். அல்லிராணி வாழ்ந்த இடமென்று ஊரார் சொன்னாலும், ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801இல் தொடங்கி 1804இல் முடித்த டொரிக் மாளிகை அது. கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் செங்கற்களே தங்கைக்குக் காட்டின. "இந்தச் சாந்து எதால செய்தது?" என்று தம்பி கேட்டான். நான் யோசிக்கும் முன் உம்மா சொன்னார்: "அந்தக் காலத்தில சிப்பி, சங்கைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுப்பாங்க. வெத்திலைக்குப் போடுறதும் அதுதான்." சுட்ட சுண்ணாம்பு நீருடன் தாக்கமடைந்து, சுவரில் பூசியபின் காற்றின் காபனீரொட்சைட்டை ஏற்று மறுபடி கல்சியம் காபனேற்றாகிறது. என் இரசாயனவியல் பாடத்தின் விடுபட்ட கண்ணியைத் தந்தவர், தனக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று வருந்திய அதே உம்மா.

பரீட்சையில் தனித்தனி வினாத்தாள்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். வினாத்தாள் பயிற்சிக்குத் தனி நேரம் வேண்டும். கணிதத்தையும் வாசிப்பையும் அவரவர் தரத்திலேயே படிப்பிக்க வேண்டும். சேர்ந்து படிக்கும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். எங்கள் வீட்டில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். இல்லாவிட்டால் நானே எல்லா விடையையும் சொல்லிவிடுவேன். பாடம் முடிந்ததும் தம்பி படம் வரைவான், தங்கை காலக்கோடு எழுதுவாள், நான் சமன்பாடு எழுதுவேன்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவ்வளவு படித்தோம் என்று பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளைகள் நடுவே வந்து உட்காருங்கள். அல்லிராணி கோட்டையை அலை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பகுதி ஏற்கனவே சரிந்துவிட்டது. தம்பி உயர்தரம் வந்த பிறகு இதைப் படிக்கலாம் என்று விட்டால், அன்று காட்டுவதற்குச் சுவர் இருக்குமோ தெரியாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறைக்கு எங்கள் பாடம் அருவியாறு. கேள்விகளைத் தம்பி இப்போதே எழுதத் தொடங்கிவிட்டான்.