திருக்கையின் அதிர்ச்சியும் நுண்மின்சாரத்தின் விலையும்

தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளத்துக் கரையில் வலை உதறுகிறவர்களுக்கு மின் திருக்கையைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் போதிக்க வேண்டியதில்லை. ஈரக்கையோடு அதைத் தொட்டவனின் கை மரத்துப்போவதே போதுமான பாடம். 1801இல் தரங்கம்பாடியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இதில் ஓர் இனத்துக்கு ஐரோப்பிய அறிஞர் பெயர் சூட்டினர் என்றாலும், இதன் உறவான மத்தியதரைக் கடல் மீன் வெகுகாலம் முன்பே வைத்தியத்தில் புகுந்துவிட்டது. கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து வைத்தியரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், பாதவாதத்தால் வருந்துபவனை அலை நனைக்கும் மணலில் நிறுத்தி, உயிருள்ள திருக்கையின்மேல் பாதத்தை வைத்து, முழங்கால்வரை மரக்கும்மட்டும் அசையாதிருக்கச் சொன்னார்.

அந்த வம்சத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்று கைபேசித் திரையில் வந்து நிற்கிறது, முகச்சுருக்கம் போக்கும் நுண்மின்சாரக் கருவி. பிஸியோதெரபி கூடங்களில் வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவி மில்லி ஆம்பியர் அளவில் நரம்பைச் சுள்ளென்று தீண்டுவது. அவ்வுணர்ச்சி முதுகுத்தண்டில் வலியின் வழியை அடைக்கிறது என்பதற்கு மெல்சாக், வால் இருவரும் 1965இல் வெளியிட்ட 'வாயில்' கோட்பாடு ஆதாரமாக நின்றது. நுண்மின்சாரமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியர்களில் அளக்கப்பட்டு, பெரும்பாலும் தோலுக்குத் தெரியாமலே ஓடுவது. தெரியாத ஒன்றுக்கு விலை கூறுவது வியாபாரிக்கு எத்துணை சௌகரியம்!

விளம்பரங்கள் ஓயாமல் எடுத்துக்காட்டும் பிரமாணம், 1982இல் பெல்ஜியத்தில் செங் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி: உயிரணுக்களின் சக்திப்பொருளாகிய ஏடிபி, 1,000 மைக்ரோ ஆம்பியருக்கு உட்பட்ட மின்சாரத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு பெருகியது, அந்த எல்லையைத் தாண்டியதும் குறையத் தொடங்கியது. ஆனால் சோதனைக்கு உள்ளானது எலியின் தோல் என்ற விவரத்தை மட்டும் விற்பவர் விழுங்கிவிடுகிறார். எலித்தோலின் ஏடிபியிலிருந்து மானிட முகத்தின் சௌந்தரியத்துக்குத் தாவுவதை நான் விஞ்ஞானமென்று ஒப்பமாட்டேன். ஆறாத புண்களுக்கு மின் தூண்டல் துணைச் சிகிச்சையாவதற்கு இதைவிடக் கனமான ஆதாரம் உண்டு. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, வழக்கமான சிகிச்சைக்கு வசப்படாத சிலவகை நாட்பட்ட புண்களுக்கு அதை ஏற்றிருக்கிறது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அப்படியிருக்க, பெட்டியின்மேல் 'அழகுச் சாதனம்' என்று அச்சிட்டுவிட்டு, உள்ளே வைக்கும் துண்டுப் பிரசுரத்தில் மூட்டுவலியும் முகவாதமும் தீருமென்று எழுதுவதை அதிகாரிகள் பொறுத்துக்கொள்ளலாகாது. கருவாட்டுக் களத்தில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் முகத்தைச் சுருங்க வைப்பது வெயில். அதற்கு ஒரு பந்தல் போட்டுத் தருவாரில்லை, கருவி விற்க வருவார் உண்டு.

வாங்கியே தீருவேன் என்பவர், எத்தனை மைக்ரோ ஆம்பியர், யாருடைய தோலில் சோதித்தது என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கட்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவரும், கர்ப்பிணிகளும், வலிப்பு நோயுள்ளவரும் அதைத் தொடவே வேண்டாம். நீரிழிவினால் காலில் ஆறாத புண்ணோடு இருப்பவர், கருவிக்குக் காசு அனுப்பாமல், தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறட்டும்.