மருந்து கெட்டதா? உரிமை முடிந்ததா?

படப்பையில் ஒரு மருந்துக் கடை. ஒரகடம் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த இளைஞர் ஒருவர் களிம்புக் குழாயை நீட்டினார்.

"இந்த மருந்து காலாவதி ஆகிவிட்டதாம். வேறு கொடுங்கள்" என்றார்.

கடைக்காரர் பார்த்தார். கெடு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது!

"தம்பி! நீங்கள் படித்தது காப்புரிமை காலாவதி. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினார்.

இளைஞர் மீது குற்றம் இல்லை. இரண்டு காரியங்களுக்கு ஒரே சொல்லை வைத்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்? 'காப்புரிமை முடிந்தது' என்று பத்திரிகைகள் எழுதலாமே!

புது மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்குச் சர்க்கார் தரும் தனி உரிமைதான் காப்புரிமை. மனுச் செய்த நாளில் இருந்து 20 ஆண்டு. அதுவரை அனுமதி இல்லாமல் பிறர் அந்த மருந்தைச் செய்து விற்க முடியாது. நம் நாட்டின் 1970-ம் ஆண்டுச் சட்டம், மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. 2005 முதல் மருந்துக்கே உரிமை உண்டு.

உரிமை முடிந்தால் பல கம்பெனிகள் செய்யும். விலை இறங்கும். நமக்கு நல்லதுதானே! பீட்டாமெத்தசோன் களிம்பு 1960-களில் வந்தது. அதன் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. டாக்டர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதற்காக நீங்களே வாங்கித் தடவாதீர்கள்! அது ஸ்டீராய்டு. நாள்கணக்கில் தடவினால் தோல் மெலியும். படர்தாமரையில் தடவினால் அரிப்பு அடங்கியது போல இருக்கும்; பிறகு படை பரவும். இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது.

மருந்தின் கெடு வேறு. அட்டையில் மாதமும் ஆண்டும் இருக்கும். அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். அதன் பிறகு விற்பது சட்டவிரோதம். மறுநாளே மருந்து விஷமாகிவிடாது. ஆனால் அதன் வீரியத்துக்கு யாரும் பொறுப்பு ஏற்கமாட்டார்கள்.

'30 டிகிரிக்கு மேல் வைக்காதே' என்று போட்டிருந்தால், அப்படி வைத்தால்தான் அந்தக் கெடு செல்லும். தகரக் கூரை அறையில் வாடகைக்கு இருப்பவர், மே மாதத்தில் மருந்தை எங்கே வைப்பார்? மண்பானைக்குப் பக்கத்தில், நிழலில் வைக்கலாம். கூரையை ஒட்டிய பரணில் வேண்டாம்.

தேதியை எங்கே அச்சிடுகிறார்கள் தெரியுமா? பல குழாய்களில், மடிந்த வால் பக்கத்தில்! மையும் இல்லை, வெறும் அழுத்தம். பிதுக்கிச் சுருட்டினால் முதலில் மறைவது அதுதான். மூடிக்குப் பக்கத்தில், கறுப்பு மையில், பாட்டியும் படிக்கும் அளவில் போட்டால் என்ன? கம்பெனிக்கு எவ்வளவு செலவு ஆகிவிடும்?