பாடம் தெரிந்ததுதான், பெயர்தான் புதிது

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறும், அதன் பின் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியாகும்போது எமது ஊர்களில் பெருநாள் போன்ற மகிழ்ச்சி. பாடசாலை வாசலில் பதாகை தொங்கும். உறவினர்கள் வீடு தேடி வந்து துஆச் செய்வார்கள். ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளையின் முதலாம் வருடம் எப்படிப் போகிறது என்று நாம் பேசுவது குறைவு. விஞ்ஞான பீடமொன்றில் இரண்டாம் வருடத்தில் படிக்கும் இக்கல்லூரியின் பழைய மாணவி என்ற வகையில் அதைப் பற்றிய என் கருத்தை எழுதுகிறேன்.

முதலாம் வருடத்தில் எம்மைத் தளரச் செய்பவை பல. வீட்டைப் பிரிந்த கவலை, விடுதிச் சாப்பாடு, பலர் பகிரும் அறை, உம்மா எழுப்பாமல் நாமே ஸஹருக்கு எழும்ப வேண்டிய நோன்பு காலம். இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். இலகுவில் பழகாமல் நீடிப்பது மொழிப் பிரச்சினை. என் பார்வையில் முதலாம் வருடத்தின் உண்மையான சோதனை அதுதான்.

பதின்மூன்று வருடங்கள் தமிழில் படித்துவிட்டு விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற பீடங்களுக்குப் போகிறோம். அங்கே விரிவுரையும் ஆங்கிலம், பரீட்சையும் ஆங்கிலம். நாம் ஒளித்தொகுப்பு என்று படித்தது ‘போட்டோசிந்தசிஸ்’ ஆகிறது. தொகையீடு ‘இன்டக்ரேஷன்’ ஆகிறது. பொருளியலில் கேள்வியும் நிரம்பலும் ‘டிமாண்ட்’, ‘சப்ளை’ ஆகின்றன. பாடம் நாம் அறிந்ததே. ஆனால் ஒரு மணித்தியால விரிவுரையில் பத்துச் சொற்கள் பிடிபடாவிட்டால், அறிந்த பாடமும் அறியாததாகத் தோன்றும்.

அப்போது பிள்ளை எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது. ‘எனக்கு இன்னும் ஆங்கிலம் பழகவில்லை’ என்று நினைக்க வேண்டிய இடத்தில், ‘எனக்கு மூளை போதாது’ என்று நினைத்துவிடுகிறாள். பின்வரிசைக்குப் போகிறாள். சந்தேகம் கேட்பதை நிறுத்துகிறாள். பாடசாலையில் முதற்பிள்ளையாக இருந்தவள், முதல் அரையாண்டுப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறாள். அப்படி யோசித்த தோழியர் இருவரை நான் அறிவேன். இருவருமே திறமைசாலிகள்.

பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிங்கள மொழிமூல மாணவியும் இதே நிலையில்தான் இருக்கிறாள். அவள் ‘பிரபாசங்ஸ்லேஷணய’ என்று படித்துவிட்டு வந்தவள். இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்து, மற்றவளுக்கு எல்லாம் விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய் திறந்து பேசினால் இருவரின் பயமும் பாதியாகிவிடும். சிங்களமும் கொஞ்சம் வந்து சேரும்.

பல்கலைக்கழகங்கள் ஆரம்பத்தில் ஆங்கிலப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. அவை பயனுள்ளவை. ஆனால் சில வாரங்களில் ஒரு மொழி கைக்கு வந்துவிடாது. அதற்கு முன்னரே எமக்கு ஒரு நீண்ட காலம் கிடைக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும் வரை பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் காத்திருக்கிறோம். தையல் வகுப்பும் கணினி வகுப்பும் நல்லவைதான். அவற்றோடு தினமும் அரை மணித்தியால வாசிப்பையும் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

அதற்குச் செலவும் இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 10ஆம், 11ஆம் தர விஞ்ஞான, கணித நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயத்தின் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்து வாசியுங்கள். தமிழில் விளங்கிய பந்தி ஆங்கிலத்திலும் விளங்கும். புதிய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஆங்கிலம் பேசக் கற்பதற்கு முன், பாடத்தை ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்பதே எமக்கு அவசரத் தேவை.

அப்படியானால் பாடசாலையிலேயே முழுவதையும் ஆங்கிலத்தில் படிப்பித்துவிடலாமே என்று சில பெற்றோர் கேட்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்மொழியில் ஆழமாக விளங்கிய விடயத்துக்குப் புதிய பெயர் கற்பது இலகு. விளங்காத விடயத்தின் ஆங்கிலப் பெயரை மனனம் செய்வதில் பயனில்லை. தமிழ் எமக்குக் குறையல்ல, அத்திவாரம்.

பல்கலைக்கழகங்களில் ‘குப்பி’ என்றொரு நல்ல வழக்கம் உண்டு. சிரேஷ்ட மாணவர்கள் இளையவர்களுக்குத் தம் மொழியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. முதலாம் வருடத்தில் பலரைக் கரைசேர்ப்பது இதுதான். ஆனால் பகிடிவதையைச் சகித்தால்தான் குப்பியும் குறிப்புகளும் கிடைக்கும் என்று மிரட்டுவோரும் இருக்கின்றனர். அதற்குப் பணிய வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை இரண்டு வருடங்கள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்பட்டால் தண்டனை பத்து வருடங்கள் வரை செல்லும். மகள் முறையிட்டால் ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்’ என்று சொல்லாதீர்கள். மாணவ ஆலோசகரிடம் முறையிட அவளுக்குத் துணை நில்லுங்கள்.

வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் தொலைபேசியில் ‘சாப்பிட்டீங்களா மகள், தொழுதீங்களா’ என்று கேட்கிறீர்கள். அந்தக் குரலுக்காகவே நாங்கள் காத்திருப்போம். அதோடு ‘இன்றைக்குப் பாடம் விளங்கிச்சா’ என்றும் கேளுங்கள். விளங்கவில்லை என்று சொன்னால் பதறாதீர்கள். ‘கஷ்டமென்றால் வீட்டுக்கு வந்துவிடுங்க’ என்று அன்பினால் சொல்லும் வார்த்தை, தளர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்துவிடும். அந்தக் கதவால் வெளியே வந்தால், போராடிப் பெற்ற அந்த இடத்தை மீண்டும் பெறுவது மிகக் கடினம். முதல் அரையாண்டுப் புள்ளிகளை வைத்துப் பிள்ளையை எடைபோடாமல், ஒரு வருட அவகாசம் கொடுங்கள்.

எமது கல்லூரியிடமும் ஒன்று கேட்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாணவியருக்காக வாரம் ஒரு நாள் இங்கேயே ஒரு குப்பி வகுப்பு ஆரம்பிக்கலாம். ஒரு வகுப்பறையும் ஒரு கரும்பலகையும் போதும். விடுமுறையில் ஊர் வரும் பழைய மாணவியர் பலர் படிப்பிக்கத் தயாராக இருக்கிறோம். அதிபர் அனுமதித்தால், அடுத்த விடுமுறையிலேயே முதல் வகுப்பை நடத்த நான் வருவேன், இன்ஷா அல்லாஹ்.