கணக்கும் விளையாட்டும்

ஆவடி, பூந்தமல்லி அடங்கிய திருவள்ளூர் ஜில்லாவின் அழிஞ்சிவாக்கத்திலேதான், 2022 ஜூன் மாதத்தில், 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆரம்பமாயிற்று. எட்டு வயதுக்குள் குழந்தைகள் யாவரும் ஆடியும் பாடியும் அடிப்படைக் கணக்கறிய வேண்டுமென்பது நோக்கம், கெடு 2025. அதுவும் கடந்துவிட்டது.

முறையை நாம் குறை கூறோம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளைப் பார்த்தவுடனே, எங்கே எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழுமென்று சிறுமி மனத்துக்குள் எண்ணிவிடுகிறாள். கணிதம் வேறென்ன? வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பிப்பவனுக்கு இந்த முன்யோசனை வருவதில்லை.

ஆனால் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே உபாத்தியாயர்கள் உள்ள பள்ளிகள் எத்தனை! அவர்கள் பிள்ளைகளோடு அமர்ந்து காய் நகர்த்துவார்களா, ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் கைபேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பார்களா? சர்க்கார் முதலில் அந்தப் பதிவு வேலையைக் குறைக்கட்டும். பிறகு காலியிடங்களை நிரப்பட்டும்.