பஸ் வீடாகுமுன்...

அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸை ஏலத்தில் வாங்கி, அடுப்பும் கட்டிலும் போட்டு வீடாகவே மாற்றிக் கொள்கிறார்கள். அங்கேயுள்ள உங்கள் மகனோ மகளோ இந்த ஆசையைச் சொன்னால், "அலமாரி அப்புறம், முதலில் இன்ஜினைப் பார்" என்று சொல்லுங்கள். நடுவழியில் இன்ஜின் நின்றால் வீடே அல்லவா நின்றுவிடும்!

பேர் வாங்கிய டீசல் இன்ஜின்கள் இரண்டு. கம்மின்ஸ் 5.9 லிட்டரில், 1990-களில் வந்த 12 வால்வு ரகத்தின் டீசல் பம்ப்பில் எலெக்ட்ரானிக் சமாசாரம் கிடையாது, ரிப்பேர் சுலபம். இன்டர்நேஷனல் டி.டி.466-ல் சிலிண்டர் ஸ்லீவை, இன்ஜினை இறக்காமலே மாற்றிவிடலாம்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கணும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் உஷார்! நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி இருக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த பஸ்ஸே வேண்டாம். பனி கொட்டும் ஊர் பஸ் என்றால் குனிந்து அடிப்பக்கமும் பார்க்கணும். சாலையில் தூவும் உப்பு இரும்பை அரித்திருக்கும்.

பெயிண்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். பராமரிப்புக் கணக்கு இருந்தால் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். சேமித்த பணம் இன்ஜினிலேயே கரைந்தால் அடுப்பு வைக்க என்ன மிஞ்சும்?